பலாச்சுளை வாசனை

தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிறவர் வீட்டுக்கு வந்தால் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும்தான் நாறும். ஆம்பூரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் மட்டும் அந்தக் கோடையில் வாயில் பலாச்சுளை வாசனையோடு வந்தார்.

"இன்னாய்யா, சுளை துன்னியா?"

"இல்லடி. ஷாப்புலயே கூழு குட்சிட்டேன். நீ துன்னு."

தினமும் இதே பதில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சீமையில் தோல் விலை விழுந்து, ஷாப்புகளில் வேலை பாதியாகிவிட்ட நேரம் அது. கைக்குழந்தைக்குப் பால் வேண்டுமே என்று, இருக்கிற கேழ்வரகு மாவில் ஒரு உருண்டை களி கிண்டி நான் சாப்பிட்டுவிடுவேன். அவர்தான் ஷாப்பிலேயே குடித்துவிட்டு வருகிறாரே.

சுளை வேறு யாரிடம் இருக்கும்? ஸ்டேஷன் வாசலில் ஏலகிரிப் பழத்தை அறுத்து விற்கிற ஒருத்தி இருந்தாள். எண்ணெய் தடவிய கை, வருகிறவனையெல்லாம் மாமா என்று கூப்பிடுகிற வாய். ஒரு நாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். சிவப்பாக வேறு இருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. நெருப்பில்லாமல் புகையுமா?

அன்று சாயங்காலம் கத்தித் தீர்த்தேன். "எவ வூட்ல துன்றியோ அங்கயே பட்த்துக்க, போ!"

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றைக்கு நான் களியைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுத்தேன். ரோஷத்துக்கு முன்னால் பசி என்ன பசி?

இருட்டுகிற நேரத்தில் வந்து, என் மடியிலிருந்து குழந்தையை வாங்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் மாறிப்போயிற்று.

"பலாச்சுளை வாசன வருது. எவன்டி வாங்கிக் குட்த்தான்?"

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவுமே போகாத வாயில் சுளை எங்கிருந்து வரும்? அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"யோவ், நீ கடைசியா எப்ப துன்ன?"

அவர் குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஷாப்பில் கூழ் ஊற்றுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். காலையில் குடித்துவிட்டுப் போகிற கஞ்சித் தண்ணிதான் ஆகாரமாம்.

பின்னால் வேலூரில் ஆஸ்பத்திரி கூட்டுகிற வேலைக்குப் போனபோது, இந்த வாசனையைப் பற்றி ஒரு டாக்டரம்மாவிடம் கேட்டேன். சோறோ களியோ வராவிட்டால், உடம்பில் சேர்ந்திருக்கிற கொழுப்பை எடுத்துக் கல்லீரல் கீட்டோன் என்று ஒன்றைச் செய்யுமாம். கை கால், நெஞ்சு, மூளைகூட அதை எரித்துத்தான் ஓடுமாம். அதில் கொஞ்சம் மூச்சோடு வெளியே போகும்போது பழ வாசனை அடிக்குமாம். பால் கொடுக்கிறவளுக்குச் சீக்கிரமே வந்துவிடும் என்றார். அப்படியென்றால், அந்த மனுஷர் தன் உடம்பையே தின்றுகொண்டுதான் சுண்ணாம்புத் தொட்டியில் ஈரத்தோலைப் புரட்டியிருக்கிறார்.

சுளைக்காரி மேல் இருந்த பொறாமை அந்தச் சாயங்காலமே போய்விட்டது. அவர் மேல் வந்த பொறாமைதான் இன்றுவரை போகவில்லை. அந்தப் பட்டினியில் பாதி எனக்குச் சேரவேண்டியது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் முழுசையும் அவரே எடுத்துக்கொண்டார்.