ஷெட்டில் கிடந்த வண்டி அல்ல

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நோயாளிகள், டாக்டர், ஆக்ஸிஜன் சிலிண்டர் இறக்க வருகிறவர், எல்லாருக்கும் அவர் 'சுபாரு அக்கா'தான். அந்த மருத்துவ நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அவரைவிட நாலு வயது மூத்தவன். இருந்தாலும் நானும் அக்கா என்றுதான் சொல்வேன்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் அவர். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுவார், ஊசி போடுவார், பிள்ளை பெற்ற பெண்களைப் பார்த்துவிட்டு வருவார். பாதி வீடுகள் மலைச்சரிவில். பாலத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கு மேலே மண்ணும் கல்லும்தான். நிலையத்தின் ஜீப் வாரத்தில் மூன்று நாள் பட்டறையில் கிடக்கும். ஒரு மழைக்காலத்தில், பிரசவமான பெண் ஒருத்திக்கு ஜுரம் என்று தகவல் வந்தும் இரண்டு நாள் கழித்துத்தான் அக்காவால் போக முடிந்தது. அந்தப் பெண் பிழைத்தாள், ஆனால் மயிரிழையில். திரும்பி வந்த அக்கா ஜீப் சாவியை மேலதிகாரி மேசையில் வைத்துவிட்டு, "இதை நீங்களே வச்சு அழகு பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த மாதமே, வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு நில அளவையாளரிடமிருந்து அந்தப் பழைய ஜப்பானிய சுபாரு காரை, பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகனை, வாங்கினார். ஆலிவ் பச்சை நிறம். விசை நாலு சக்கரத்துக்கும் போகும்.

வாங்கிய பிறகுதான் அதன் கதையைத் தேடிப் படித்தார். எங்கே எதைப் படித்தாரோ, எனக்கு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. அவரோடு தடுப்பூசி முகாமுக்குப் போகிற வழியெல்லாம் அதே பேச்சு.

"மருந்துக்காரரே, முன்னாடி இருக்கிற சின்னத்தைப் பார்த்தீங்களா? ஆறு நட்சத்திரம். நாம கார்த்திகைன்னு சொல்றோமே, அந்தக் கூட்டம். அதுக்கு ஜப்பான்ல சுபாருன்னு பேரு. ஒண்ணு சேர்றதுன்னும் அர்த்தமாம்."

"சரிக்கா."

"போருக்கு முன்னாடி அவங்க ஏரோப்ளேன் செஞ்சவங்க. போர்ல தோத்ததும் இனிமே ப்ளேன் செய்யக் கூடாதுன்னுட்டாங்க. கம்பெனியைத் துண்டு துண்டா உடைச்சுட்டாங்க. சும்மா இருந்தாங்களா? ஸ்கூட்டர் செஞ்சாங்க, பஸ்ஸுக்குக் கூண்டு கட்டினாங்க. அப்புறம் அஞ்சு துண்டு ஒண்ணா சேர்ந்துச்சு. சின்ன நட்சத்திரம் அஞ்சும் அதுதான். பெருசு, சேர்ந்து உண்டான கம்பெனி."

அவருக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதற்கு அடுத்தது. பனி கொட்டும் மலைப் பகுதியில் மின்கம்பி பழுது பார்க்கிறவர்கள் ஜீப்பில் குளிரில் விறைத்துப் போனார்களாம். ஜீப் போல ஏறவும் வேண்டும், உள்ளே மனுசன் உட்காரவும் வேண்டும் என்று மின்சாரக் கம்பெனி கேட்டிருக்கிறது. அப்படித்தான் நாலு சக்கரத்துக்கும் விசை போகிற கார் செய்ய ஆரம்பித்தார்களாம். "பணக்காரன் கேட்டு வந்த வண்டி இல்ல இது. வேலைக்குப் போறவன் கேட்டு வந்தது" என்பார். சொல்லும்போது ஸ்டியரிங்கை ஒரு தட்டு தட்டுவார்.

எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த எஞ்சின் சத்தம் தெரியும். குத்துச்சண்டைக்காரர்கள் எதிரெதிரே கை நீட்டுகிற மாதிரி பிஸ்டன்கள் படுத்த வாக்கில் அடிக்குமாம். அதனால் ஒரு தனிக் குரல், தொண்டை கட்டின மாதிரி. கனம் தாழ்வாக இருப்பதால் வளைவில் சாயாது. பாலத்துக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டதும் வீடுகளில் அடுப்பில் வெந்நீர் வைத்துவிடுவார்கள். பின் சீட்டை மடக்கி, மரப்பலகை ஒன்றை நாலு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். மருந்துப் பெட்டி அதன்மேல். எத்தனையோ முறை நோயாளியும் அதன்மேல். இடது கதவில் ஒரு பெரிய நசுங்கல், மண்சரிவில் உருண்டு வந்த கல் இடித்தது. இருபத்திரண்டு வருடம் இப்படி ஓடியது.

அப்புறம் ஒரு நாள், ஒரு வீட்டின் மரப்படி உடைந்து அக்கா விழுந்தார். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. இரண்டு முறை ஆபரேஷன். கல்யாணம் செய்துகொள்ளாதவர் என்பதால் அண்ணன் வீட்டில் இரண்டு மாதம் படுத்திருந்தார்.

அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லாருக்கும் எது நல்லது என்று தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைக்கிற ரகம். தங்கை மண் அப்பிய காரில் கடைப் பக்கம் வந்தால் அவருக்கு மானம் போய்விடும். "அந்தத் தகர டப்பாவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தும்மா" என்பார்.

கால் ஓரளவு ஊன்ற வந்ததும் அக்கா தன் வீட்டுக்குத் திரும்பினார். ஊன்றுகோலோடு நேராக ஷெட்டுக்குத்தான் போனார். ஷெட் காலி. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சாமான்களை இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அதை வித்தாச்சும்மா. உன் நல்லதுக்குத்தான்."

"எதை?"

"இந்தக் காலை வச்சுக்கிட்டு இனிமே எங்க ஓட்டப் போற? நல்ல மனுஷர் ஒருத்தர் கேட்டார். கடைக்கு வர்ற பல் டாக்டர். பழைய சுபாருன்னா உயிர் அவருக்கு."

"என்னைக் கேட்டியா அண்ணா?"

"நீதானே கையெழுத்துப் போட்ட?"

அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியது. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், வலி மருந்தில் தலை சுற்றிக் கிடந்தபோது, அண்ணன் ஒரு கத்தைத் தாள் கொண்டுவந்திருந்தார். லீவு, இன்ஷூரன்ஸ், எல்லாம் ஆஸ்பத்திரி விஷயம், இங்க இங்க போடு என்றார். போட்டார். அதில் ஒரு தாள் வண்டியைப் பெயர் மாற்றுவதற்கானது.

கூட வந்திருந்த அண்ணி சமாதானப்படுத்தப் பார்த்தார். "விடும்மா, ஒரு பழைய கார்தானே."

அக்காவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, குரல் தாழும். "அண்ணி, இவரைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க. இப்பவே" என்றார். வண்டிக்கு வந்த பணம் என்று அண்ணன் நீட்டிய உறையை அவர் தொடவே இல்லை.

மறுநாள் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நான் செத்துப் போயிருந்தா சாமானைப் பிரிச்சுக் கொடுத்திருக்கலாம். உயிரோட படுத்திருக்கிறப்பவே பிரிச்சுட்டாங்க மருந்துக்காரரே."

பத்து நாள் கழித்து அண்ணன் மகள் அத்தையைப் பார்க்க வந்தாள். வங்கியில் வேலை பார்க்கிறவள், அப்பா செய்த காரியம் பொறுக்காதவள். தயங்கித் தயங்கி போனைக் காட்டினாள். "அத்தை, இது உங்க வண்டிதானே? வர்ற ஞாயித்துக்கிழமை சுபாரு வச்சிருக்கிறவங்க எல்லாரும் கூடுறாங்களாம். அப்பாகிட்ட வாங்கினவர்தான் சங்கத் தலைவராம். இன்னொண்ணும் சொல்லணும் அத்தை. அவர் புதுசா கட்டுற ஆஸ்பத்திரிக்கு டைல்ஸ் பூரா அப்பா கடையிலதான்."

'உன் நல்லதுக்கு' என்ற பேச்சின் சாயம் அங்கே வெளுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாடகைக் காரில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். விளையாட்டரங்கத்தின் பெரிய நிறுத்துமிடத்தில் அறுபது எழுபது சுபாரு நின்றன. நீலம், வெள்ளி, சிவப்பு. குடும்பம் குடும்பமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துப் தன் பிள்ளையின் படத்தைக் காட்டுகிற மாதிரி காட்டிக்கொண்டிருந்தார். வேறு சமயமாக இருந்தால் அக்காவும் அங்கே குந்திவிட்டிருப்பார்.

நடுவில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தது அவருடைய வண்டி. கண் கூசும்படி பளபளத்தது. கதவு நசுங்கல் இல்லை. மரப்பலகை இல்லை, அந்த இடத்தில் புது சீட். முன்னால் ஒரு பலகையில் அச்சடித்திருந்தார்கள். அக்கா ஊன்றுகோலில் சாய்ந்து நின்று வாய்விட்டுப் படித்தார்.

"'ஒரு மூதாட்டியின் ஷெட்டில் இருபது ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது. அழிவிலிருந்து மீட்டு உயிர் கொடுத்தோம்.'" பிறகு திரும்பினார். "இதை எழுதினது யாரு?"

பல் டாக்டர் சிரித்த முகமாக வந்தார். வெள்ளைச் சட்டை, மார்பில் ஆறு நட்சத்திரம். "நான்தாம்மா. பிடிச்சிருக்கா?"

"நான்தான் அந்த மூதாட்டி."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"இருபது வருஷம் ஓடாமக் கிடந்துச்சா? மீட்டரைப் பார்த்தீங்களா டாக்டர்? ரெண்டு கிளட்ச் மாத்தியிருக்கேன். இந்தக் கதவுல ஒரு நசுங்கல் இருந்துச்சே, அது சரிவுல வாங்கினது. உள்ள ரத்தப்போக்கோட ஒரு பொண்ணு கிடந்தா. நிறுத்தாம ஓட்டினேன். அதை எதுக்கு நிமிர்த்தினீங்க? பின்னாடி பலகை எங்க?"

"அது... ஒரிஜினல் இல்லம்மா. அதனால எடுத்துட்டோம்."

"ஒரிஜினலா? மலையில கம்பி கட்டப் போறவனுக்காகச் செஞ்ச வண்டி இது. உங்களுக்கு அந்தக் கதை தெரியாமலா மார்ல சின்னம் குத்தியிருக்கீங்க? வேலை செஞ்ச தடத்தையெல்லாம் துடைச்சுட்டு, ஒரிஜினலாம்!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. அதில் பலருக்கு அக்காவின் பேச்சு பிடித்துப்போனதுதான் வேடிக்கை. ஒருவர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஆர்வமாகக் கேட்டார். இன்னொருவர், "அம்மா, வண்டி பக்கத்துல நில்லுங்க, ஒரு படம் எடுத்துக்கறேன்" என்றார்.

அக்கா ஊன்றுகோலைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார். "நான் வேடிக்கைப் பொருளா? என் வண்டியைத் தூக்கிட்டுப் போய்க் கயிறு கட்டி வச்சிருக்கீங்க. இப்ப என்னையும் கட்டணுமா?" படம் எடுக்க வந்தவர் போனைப் பைக்குள் போட்டார்.

"சட்டப்படி வாங்கியிருக்கேம்மா. உங்க கையெழுத்து இருக்கு" என்றார் டாக்டர், மெதுவாக.

"வலி மருந்துல மயங்கிக் கிடந்தவகிட்ட வாங்கின கையெழுத்து. ஆஸ்பத்திரி சீட்டுல தேதி இருக்கு. நீங்களும் டாக்டர்தானே, யோசிச்சுப் பாருங்க." கயிற்றைத் தாண்டிப் போய் அந்தப் பலகையைப் பிடுங்கி டாக்டர் கையில் கொடுத்தார். "முதல்ல இந்தப் பொய்யை எடுங்க."

அங்கிருந்து நேராகக் காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் பாதி கேட்டதும் பேனாவை மூடினார். "அண்ணன் தங்கச்சிக்குள்ள இருக்கிற விஷயம். வீட்டுல பேசித் தீர்த்துக்கோங்க."

"கையெழுத்து என்னோடது சார். குடும்பத்தோடது இல்ல. எழுதிக்கோங்க."

ஒரு மணி நேரம் அங்கிருந்த மர பெஞ்சில் கால் வீங்க வீங்க உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுதிக்கொண்டார்கள்.

அண்ணனுக்குப் புகார் நகல் போன அன்று மாலையே அண்ணி போன் செய்து அழுதார். "கூடப் பிறந்தவரைப் போலீஸ்ல நிறுத்தலாமா?"

"கூடப் பிறந்தவளை முட்டாளாக்கலாமா அண்ணி?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

மூன்று வாரம் இழுத்தது. அண்ணன் அந்தப் பண உறையைத் திருப்பிக் கொடுக்க டாக்டர் வீட்டு வாசலுக்கு நடந்தார். டாக்டர் செய்த செலவையும் தானே ஏற்றுக்கொண்டார். டைல்ஸ் ஆர்டரும் கைவிட்டுப் போனது. சங்கத்தில் சிலர் அக்கா பக்கம் பேசினார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி வந்து ஷெட்டில் நின்றது. பெயர் திரும்ப மாறியது. அக்கா புகாரை வாபஸ் வாங்கினார்.

சந்தோஷப்பட்டாரா என்றால், இல்லை. சீட் வழுக்குகிறது, பாலிஷ் வாசனை குமட்டுகிறது என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டே இருந்தார். தச்சரைக் கூப்பிட்டுப் புதுப் பலகை போட்டார். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கணுக்கால் சுளீர் என்னும், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

நாலு மாதம் கழித்து அண்ணன் வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன், தடுப்பூசிப் பட்டியல் சரிபார்க்க. அவர் வாசலிலேயே நின்றார். "தப்புதாம்மா. ஆனா உன்..."

"அந்த 'ஆனா'வை வீட்டுல வச்சுட்டு வா அண்ணா" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்து அவர் வர இரண்டு மாதம் பிடித்தது. இந்த முறை, "தப்பு செஞ்சுட்டேன்" என்றார். நின்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அக்கா அவரை உள்ளே விட்டு டீ போட்டுக் கொடுத்தார். தண்ணீர் மோட்டார் பழுது பற்றி, அண்ணன் மகளின் வேலை மாற்றம் பற்றி இரண்டு பேரும் பேசினார்கள். அக்காவின் குரல் இன்னும் தாழ்ந்தேதான் இருந்தது. டம்ளர் காலியானதும் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாசல்ல நிக்கிற உன் வண்டியை எடு அண்ணா. எனக்கு மேல போகணும், மூணு வீடு பாக்கி இருக்கு."