எண்பத்தெட்டாம் நம்பரில் யாரோ பேசுகிறார்கள்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகட்டும். நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. இது மலாக்காவில், காஜா பேராங் ரோட்டில், 1957 ஆகஸ்ட் 29, வியாழக்கிழமை சாயங்காலம் நடந்தது. நடந்தது கணேசமூர்த்திக்கு. டெலிபோன் இலாகாவில் கம்பம் ஏறி வயர் கட்டுகிற லைன்மேன் அவர். பொய்யே சொல்லாத ஆள் என்று சொல்லமாட்டேன். இந்த விஷயத்திலேயே ஒரு பொய் சொல்லியிருக்கிறார், அதுவும் இலாகா அட்டையில் கையெழுத்துப் போட்டு. ஆனால் பேய், பிசாசு என்று கதை கட்டுகிறவர் இல்லை. கம்பத்து உச்சியில் பேய் என்று சொல்லிவிட்டு மறுநாள் எந்த லைன்மேன் வேலைக்குப் போக முடியும்?

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வயரை வெட்டுவதற்கு முன்னாலும் தன் டெஸ்ட் போனை அதில் மாட்டி, யாராவது பேசுகிறார்களா என்று கேட்பார். இது லைன்மேன்கள் எல்லாருக்கும் உள்ள விதிதான். மற்றவர்கள் ஒரு விநாடி கேட்பார்கள். இவர் ஒரு நிமிஷம் கேட்பார். செத்துப்போன வயராக இருந்தாலும் கேட்பார். "என்னய்யா, வயருக்கு நாடி பாக்குறியா?" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வார், காரணம் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, குரல் கேட்ட பிறகும் வெட்டியிருக்கிறார். அதைப் பிறகு சொல்கிறேன்.

காஜா பேராங் ரோட்டில் மசாலாச் சாமான் கடை வைத்திருந்தவர் ஜெய்னுலாப்தீன் பாய். கடைக்கு மேலே வீடு. மனைவி பீவி, நிறைமாத மகள் ஹஸீனா. மருமகன் சிங்கப்பூரில் வேலை. ஹஸீனாவுக்கு முதல் பிரசவத்தில் டாக்சி கிடைக்காமல், வீட்டிலேயே வலி முற்றி, பிள்ளை இறந்து பிறந்தது. அவள் பிழைத்ததே பெரிய காரியம். "இந்தத் தடவை வலி எடுத்தால் அரைமணி நேரத்தில் இங்கே இருக்கவேண்டும்" என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காகவே பாய் பதினொரு மாதம் காத்திருந்து டெலிபோன் வாங்கினார். திங்கட்கிழமை கணேசமூர்த்திதான் வந்து மாட்டினார். கறுப்பு, பளபளவென்று புதுசு. நம்பர் 88.

வயர் மட்டும் பழசு. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திர நாளுக்கு, இன்னும் ஐந்தே நாள். புது வயரெல்லாம் திடலில் ஒலிபெருக்கி கட்டப் போய்விட்டது. அதனால் ஜப்பான் சண்டைக்கு முன்னால் இழுத்து, பதினைந்து வருஷமாகச் சும்மா கிடந்த ஒரு லைனையே கடைக்கு எதிரிலுள்ள ஒன்பதாம் கம்பத்திலிருந்து இறக்கிக் கொடுத்தார். அந்த லைன் அங்கே நிற்கவில்லை. கம்போங் செட்டி சந்துப் பக்கம் இன்னும் இரண்டு கம்பம் போனது. அந்த மீதியை வால் என்பார்கள். வாலை வெட்டிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் கம்பத்தின்மேல் சாய்ந்த மாமரக் கிளையில் கெரெங்கா எறும்புக் கூடு. ஐந்தாறு எறும்பு சட்டைக்குள் புகுந்து கடித்ததும் மனுஷன் இறங்கி ஓடிவிட்டார். அட்டையில் 'வால் வெட்டப்பட்டது' என்று எழுதினார். அதுதான் அந்தப் பொய்.

செவ்வாய்க்கிழமை புகார் வந்தது. புதன்கிழமையும் வந்தது. பகலெல்லாம் போன் நன்றாக வேலை செய்கிறது. சாயங்காலம் 6:10 ஆனால் செத்துப்போகிறது. 6:35க்குத் தானாக உயிர் வருகிறது.

வியாழக்கிழமை 6:05க்கு கணேசமூர்த்தி பாயின் வீட்டில் இருந்தார்.

"புது மெஷின் தம்பி, அதுக்குள்ள ரோசாக்கா, கெட்டுப்போச்சா?" என்றார் பாய். "என் மவளுக்கு அந்த நேரத்துல வலி வந்தா நான் என்ன பண்றது?"

"இன்னிக்கு முடிச்சுட்டுத்தான் போவேன், பாய்."

பாய் தொழுகைக்குக் கிளம்பிப் போனார். ஹஸீனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6:10. ரிசீவரை எடுத்தார். நிசப்தம்.

கொண்டுவந்திருந்த வேறு போனை மாட்டினார். அதிலும் நிசப்தம். ஆக, மெஷின்மேல் குற்றமில்லை. சுவர்ப்பெட்டியைத் திறந்து இரண்டு வயரையும் கழற்றிப் போட்டார். இப்போது வீட்டுக்கும் லைனுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு கடை தள்ளி இருந்த சீனர் கோப்பிக்கடைக்குப் போய் அங்கிருந்த போனில் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார். சாயங்கால ஷிப்டில் இருந்தவள் மல்லிகா.

"மல்லிகா, 88 எப்படி இருக்கு?"

"வெளக்கு எரியுது அண்ணே."

ஒரு வீட்டில் ரிசீவரைத் தூக்கினால்தான் எக்ஸ்சேஞ்சில் அந்த நம்பரின் சின்ன விளக்கு எரியும். வைத்தால் அணையும்.

"வயரையே கழட்டிட்டேனே..."

"இன்னும் எரியுது. தெனம் இப்படித்தான். 'நம்பர் ப்ளீஸ்'னு கேட்டா பதிலே இல்ல. சுவர்க்கடிகாரம் ஓடுற சத்தம் மட்டும் கேக்குது."

பாயின் வீட்டில் சுவர்க்கடிகாரம் கிடையாது.

ஈரமாக இருக்கும், எங்கேயோ வயரும் வயரும் உரசும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாலை வெட்டாத தன் சோம்பேறித்தனம் உள்ளே உறுத்தியது. பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஒன்பதாம் கம்பத்தில் ஏறினார்.

6:22. மேலே போய்விட்டார். கடிக்கு உடம்பைத் தயாராக்கிக்கொண்டு போனவருக்கு ஆச்சரியம். எறும்புக் கூடு அப்படியே இருந்தது... ஓர் எறும்பு இல்லை.

அதே கம்பத்தில் கோப்பிக்கடை லைனும் ஓடியது. டெஸ்ட் போனை அதில் மாட்டி மல்லிகாவைப் பிடித்தார். கடைக்கு இறங்கும் வயரைக் கழற்றினார்.

"இப்ப?"

"எரியுது."

மிச்சம் இருந்தது வால் மட்டும்தான். சந்துக்குள் போகிற வால்.

"வெட்டி எறிங்க அண்ணே," என்றாள் மல்லிகா. "இதுக்காக நான் தெனம் திட்டு வாங்குறேன்."

இடுப்பிலிருந்து பிளையரை உருவினார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வைத்திருக்கிற பிளையர். வாயில் ஒரு பல் உடைந்திருக்கும். எதை வெட்டினாலும் முனையில் ஒரு சின்ன முள் மிஞ்சும்.

வெட்டுவதற்கு முன்னால், பழக்கப்படி, டெஸ்ட் போனைக் கழற்றி 88இல் மாட்டினார். டக் என்றது.

6:26.

டிக்... டிக்... டிக்... கடிகாரம்.

பிறகு மூச்சு. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு.

"ஹலோ... ஹலோ... ஆஸ்பத்திரியா?" பெண் குரல். "எங்க வீட்டுக்காரர் அங்கதான் டூட்டியில இருக்காரு... பனிக்குடம் ஒடஞ்சுபோச்சு... நான் தனியா இருக்கேன்..."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. உயிருள்ள பெண். வால் நுனியில் யாரோ திருட்டுத்தனமாக ஒரு போனை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"யாரும்மா? எந்த வீடு?"

"கம்போங் செட்டி... கோயிலத் தாண்டி... சந்துக் கடைசி வீடு... யாரு லைன்ல?"

அவர் கையில் பிளையர் இருந்தது. வயர்மேல் லேசாகப் பட்டது.

"வெட்டிடாதீங்க... பேசிக்கிட்டிருக்கேன்..."

பிளையர் அப்படியே நின்றது.

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். அந்த வார்த்தைகளும் தெரியும்.

1942 ஜனவரி. ஜப்பான்காரன் தம்பின் ஊரைத் தாண்டிவிட்டான் என்று ஊரே மூட்டை கட்டிய வாரம். அவருக்கு வயது பத்தொன்பது. எதிரி கையில் சிக்காதபடி ஒரே நாளில் அறுபது லைனை வெட்ட உத்தரவு. ஏதோ ஒரு கம்பம், ஏதோ ஒரு லைன். மாட்டிக் கேட்டார். 'வெட்டிடாதீங்க... பேசிக்கிட்டிருக்கேன்...' என்றாள் ஒரு பெண். கீழே லாரி ஹாரன் அடித்தது. "வெட்டுடா!" என்று மேஸ்திரி கத்தினார்.

வெட்டினார்.

இப்போது மணி 6:31. கீழே குதித்துவிடலாம் போலிருந்தது. வெட்டினால் சத்தம் நின்றுவிடும். பாயின் போனும் சரியாகிவிடும். வேலை முடிந்தது.

பிளையரை இடுப்பில் செருகினார்.

டெஸ்ட் போனைக் கோப்பிக்கடை லைனுக்கு மாற்றினார்.

"மல்லிகா... ஆஸ்பத்திரிக்குச் சொல்லு. ஆம்புலன்ஸ். காஜா பேராங் ரோடு வழியா கம்போங் செட்டி. சந்துக் கடைசி வீடு. பிரசவம்."

"யாரு அண்ணே கூப்பிட்டது?"

"நான்தான்னு எழுது. சீக்கிரம்!"

6:33. அவர் இறங்கினாரா, சறுக்கினாரா என்று அவருக்கே தெரியாது. சந்தைப் பார்த்து ஓடினார்.

கோயிலைத் தாண்டினார். கடைசி வீட்டைத் தேடினார்.

வீடு இல்லை.

இடுப்பளவு லாலாங் புல். நடுவே கரிந்த ஒரு தூண்.

கோழிக்கூண்டை மூடிக்கொண்டிருந்த அப்பு என்ற செட்டிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ருமா அப்பா? சினி தாடா ருமா," என்றார். மலாயில், எந்த வீடு, இங்கே வீடே கிடையாதே என்று. பிறகு தீ எழும்புகிற மாதிரி ஒரு கையைத் தூக்கி, அது சண்டையிலேயே எரிந்துபோயிற்று என்று காட்டினார்.

அந்த நேரம்தான் தூரத்தில் ஆம்புலன்ஸ் மணி கேட்டது. வந்தது... நின்றது. சந்துக்கு வரவில்லை.

நின்றது பாயின் கடை வாசலில். 6:29க்கு ஹஸீனாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. பீவி போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். எப்படிப் பேசும்? சுவர்ப்பெட்டியில் வயரைக் கழற்றிப் போட்டவர் கணேசமூர்த்தி. மகளோ கையை விடவில்லை. அனுப்பப் பாயும் இல்லை, கீழே கடையில் ஆளும் இல்லை. 6:44க்கு மணிச் சத்தம் கேட்டதும் கையை உதறிவிட்டு, தலைத்துணி நழுவ, நடுரோட்டில் போய் நின்று வண்டியை மறித்திருக்கிறார். பத்து நிமிஷம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார் டாக்டர்.

தொழுகை முடிந்து வந்த பாய், கணேசமூர்த்தியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அல்லாதான் ஒங்கள அனுப்புனான் தம்பி," என்று அழுதார். வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, நல்ல வெயிலில், வாலைத் தொடர்ந்து நடந்தார். பத்தாம் கம்பம். பதினொன்றாம் கம்பம். அங்கே வயர் முடிந்தது. ஒரு முழம் கீழே தொங்கியது. அதில் போன் இல்லை, எதுவும் இல்லை. வெறும் காற்று. ஏறிப் பிடித்துப் பார்த்தார். துருவேறிய முனை. பல வருஷத்துக்கு முன்பே வெட்டப்பட்ட முனை.

வெட்டில் ஒரு சின்ன முள் இருந்தது.

அங்கிருந்து நேராக புக்கிட் ரம்பாய்க்கு சைக்கிளை மிதித்தார். பழைய மேஸ்திரி சுப்பையன் ஓய்வு பெற்று அங்கே இருந்தார். 1942இல் கீழே நின்று கத்தியவர் அவர்தான். பழைய நோட்டைத் தேடி எடுத்தார். லைன் 88, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸர் சேதுராமன் வீடு. வெட்டிய நேரம், சாயங்காலம் 6:35.

"அந்தாளு சம்சாரம் பேரு அலமேலு," என்றார் சுப்பையன், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "குண்டு போட்டதுல அவரால ஆஸ்பத்திரிய விட்டு வர முடியல. நாலு நாள் கழிச்சு வந்தாரு. வயித்துல இருந்தது வயித்துலயே இருந்துச்சாம். நீ சின்னப் பையன், அதான் ஒங்கிட்ட சொல்லல."



சாயங்காலம் 6 மணிக்கு எக்ஸ்சேஞ்சில் மல்லிகாவின் பக்கத்தில் போய் நின்றார். 6:10 ஆனது. 88 எரியவில்லை. 6:35 தாண்டியது. எரியவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே அது அப்படி எரிந்ததில்லை.

"நேத்துதான் அண்ணே 6:35க்கு அணையல," என்றாள் மல்லிகா. "எரிஞ்சுகிட்டே இருந்துச்சு. 7:02க்கு நான் கேட்டுப் பாத்தேன். ஒரு கொழந்த அழுதுச்சு, இப்பத்தான் பொறந்த மாதிரி. அப்புறம் யாரோ ரிசீவர மெதுவா கீழ வச்சாங்க. வெளக்கு அணஞ்சுது. 88 பாய் வீடாச்சே, அவரு மவளுக்கு நல்லபடியா ஆயிடுச்சுன்னு அப்பவே நெனச்சுக்கிட்டேன்."



ஹஸீனாவுக்குப் பிள்ளை பிறந்தது ஆஸ்பத்திரியில். இரவு 9:10க்கு.