உப்புப் படாத கார்

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு வாழ்வு வந்தபோது காற்றுப்பை வைத்த கார் ஒன்றை வாங்கினார். சக்கரங்களுக்கு மேலே கம்பிச் சுருளுக்குப் பதிலாகக் காற்று அடைத்த பைகள். ஒரு பொத்தானை அழுத்தினால் கார் எழும்பும், இன்னொன்றை அழுத்தினால் பதியும். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் வெளியே கூட்டிப்போய் அதை எழுப்பிப் பதித்துக் காட்டினார். உள்ளே தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும்.

நாங்கள் இருக்கிற டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாது. அவரைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போக, கூட வேலை செய்கிறவர் வாசலுக்கே வருவார். எனக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. லைசென்சும் இருந்தது. ஆனால் ஐப்பசி பிறந்தால் கார் கராஜுக்குள் போய்விடும். பனி உருகத் தெருவில் தூவுகிற உப்புப் பட்டால் இரும்பில் கறள் பிடித்து அரிக்குமாம். ஓகூஸிலும் ஹ்விடோவ்ரேயிலும் ஊரார் கல்யாணங்களுக்கு மாலை கட்டிக்கொண்டு ஓடுகிற கார், பெண்டாட்டியின் வேலைக்கு ஓடாது. எனக்குச் சைக்கிள். எனக்குக் கறள் பிடிக்காது என்று நினைத்தாராக்கும்.

அந்த வருடம் மெக்கானிக் ஒருவர் அவருக்குப் புத்தி சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் பதிந்து கிடந்தால் பைகள் மடிந்து வெடிக்கும், காரை நன்றாக உயர்த்தி, கீழே முட்டுக் கொடுத்து விடு என்று. உயர்த்தினார். பழைய மெத்தைப் போர்வையை எடுத்துக் காருக்குப் போர்த்தினார். என்னை ஒருநாள் போர்த்திவிட்டதாக ஞாபகம் இல்லை. முட்டுக் கொடுக்கக் குனிந்தவர், காருக்கு அடியில் கிடந்த வெற்றிடத்தைக் கண்டார். எங்கள் ஆட்களுக்கு வெறும் இடம் கண்ணில் பட்டால் எதையாவது செருகாமல் நித்திரை வராது. கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ், சூட்கேசுக்குள் பாத்திரம். தமிழ்ச் சங்கம் வடை சுடுகிற பெரிய இரும்புத் தாச்சி எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதைக் கவிழ்த்து உள்ளே தள்ளிவிட்டு, தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு கதவைப் பூட்டினார். முட்டு மறந்துபோயிற்று.

தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், வேலைக்குப் போகும் வழியில் சைக்கிள் உறைபனியில் சறுக்கியது. வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

"காரை எடுங்கோவன், ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"ரோட்டெல்லாம் உப்பெல்லே," என்றார். "கொஞ்சம் பொறும், பக்கத்து வீட்டுக்காரனைக் கேக்கிறன்."

பக்கத்து வீட்டு டேனிஷ்காரர்தான் என்னைக் கொண்டுபோனார். வழியில், உங்கள் வீட்டில் கார் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, நித்திரை கொள்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. எலும்பு முறிந்திருந்தது. அன்று நான் அழுதது நோவால் அல்ல. என் மனிதரை எனக்கு அவ்வளவு வெறுத்துப்போயிற்று.

பொங்கலுக்கு முதல் நாள், சங்கத்து ஆட்கள் தாச்சி எடுக்க வந்தார்கள். அவர் பெருமையாகக் கராஜைத் திறந்தார். பைகளில் இருந்த காற்று மெல்ல மெல்ல இறங்கி, கார் தாச்சியின் மேல் அடைகாக்கிற கோழியைப் போலக் குந்தியிருந்தது. பொத்தானை அழுத்தினார். பற்றரியும் செத்துக் கிடந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். செத்தவீட்டில்கூட அவரை அப்படிக் கண்டதில்லை.

வந்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, கையில என்ன கட்டு?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முதல் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்: "அது சும்மா விழுந்தது அண்ணை. இஞ்ச வந்து பாருங்கோ, அடித்தகடு நெளிஞ்செல்லே போச்சு!"

கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, இந்த மனிதருக்குப் பெண்டாட்டியாக நிற்பதற்கு. ஜாக்கி வைத்துத் தாச்சியை இழுத்து எடுத்தார்கள். அதுவும் சப்பளிந்துபோய்விட்டது. சங்கத்துப் பொங்கலில் வடை ஒரு பக்கம் கருகியது.

கட்டு அவிழ்த்ததும் எனக்கென்று சின்னக் கார் ஒன்று வாங்கினேன். பழசு, கதவோரமெல்லாம் கறள். அவருக்கு மானம் போய்விட்டது.

"ஆக்கள் கண்டா என்ன நினைப்பினம்? பின்தெருவில விடுமன்."

கராஜ் வாசலை மறித்து, குறுக்கே விட்டேன். தினமும் அங்கேதான் விட்டேன்.

இளவேனிலில் ஓகூஸில் ஒரு கல்யாணம் வந்தது. திருத்திக் கழுவின கார் உள்ளே தயாராக நின்றது. அவர் பட்டு வேட்டியோடு, நான் சமைத்துக்கொண்டு நின்ற குசினி வாசலில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார். உம்மட காரைக் கொஞ்சம் எடுத்துவிடும்."

"முதல்ல என்ரை கை எப்பிடி இருக்குது எண்டு கேளுங்கோ," என்றேன்.

"கை எப்பிடி?" என்று கேட்டார். கண் ஜன்னலுக்கு வெளியே கராஜ் கதவில் இருந்தது.

அன்று மாப்பிள்ளை வேறு யாருடைய காரிலோ போனார்.