டைம்கீப்பர் ஐயா எழுதிய எட்டு மணி

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. இருபது வருடங்களுக்கு மேலாக ராஜபாளையத்தில் தெருத் தெருவாகக் குடிநீர் வால்வைத் திறந்து மூடுகிற வேலை. நெஞ்சு உயரத்துக்கு இருக்கும் இரும்புச் சாவியைப் பிடித்துப் பழகிய கையில் பேனா நிற்பதில்லை. ஆனாலும் என் எதிரே சுவரில் தொங்குகிற மாதக் காலண்டரில் ஒரு கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து இதைவிட மோசம். 8.00 என்று எழுதியிருக்கிறது. எட்டின் மேல் வளையம் மூடவில்லை. கடைசி சுழி கோட்டைத் தாண்டி அடுத்த நாளுக்குள் போய்விட்டது. மற்றக் கட்டங்களில் உள்ள எண்கள் அச்சடித்தவை போல இருக்கின்றன. எல்லாவற்றையும் எழுதியவர் ஒருவர்தான்.

அவரை நான் டைம்கீப்பர் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். பஞ்சாலை ஒன்றில் முப்பத்து நாலு வருடம் கேட்டில் நின்று, ஆட்கள் உள்ளே வரும் நேரத்தையும் வெளியே போகும் நேரத்தையும் குறித்தவர். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். எதிரே சரக்கு அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியின் பின்சுவர். அந்தச் சுவர் ஓரத்தில்தான் தெருவுக்கான வால்வுக் குழி. நாலு நாளைக்கு ஒரு முறை காலை ஆறு மணிக்குத் திறந்து எட்டு மணிக்கு மூட வேண்டும். நான் மூடியைத் தூக்கும்போதே அவர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார்.

“ஆறு நாலு. ஏலே, மில்லா இருந்தா உன்னய இன்னைக்கு வெளியவே நிறுத்திருப்பேன்.”

“சைக்கிள்ல காத்து இல்லங்கய்யா.”

“சைக்கிள்ல இல்லாத காத்து உன் வாயில இருக்கா? திறலே.”

பிறகு உள்ளே போய்க் காலண்டரில் எழுதிக்கொள்வார். ஒரு கட்டத்தில் இரண்டு நேரம்: திறந்தது, மூடியது. தெருப் பெண்கள் குடத்தோடு நின்று சிரிப்பார்கள். எனக்குச் சிறு வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் பேச வராது. காது சூடாகிவிடும். தண்ணீர் நாளன்று அந்தத் தெருவுக்குள் தலையைக் குனிந்துகொண்டேதான் நுழைவேன்.

அவருடைய ஒரே மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடும்பமாக இருந்தார். அங்கே வந்துவிடும்படி பல தடவை கூப்பிட்டும் இவர் அசையவில்லை. “அங்க வந்து நான் என்னத்த செய்ய? இங்க இவன மேய்க்கிற சோலியாவது இருக்கு” என்று என்னைக் காட்டிச் சொன்னார். மகளால் முடிந்தது, குளியலறையில் பிடித்து நடக்கக் கம்பி வைத்தார், வழுக்காத செருப்பு வாங்கிக் கொடுத்தார், தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் பேசினார். ஒருநாள் வால்வுக் குழி வரைக்கும் என் பின்னாலேயே வந்து, “அண்ணே, நீங்கதான் தவறாம வாரீக. வரும்போது அப்பாவ கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அந்த நாள் காலை நான் மூன்று நிமிடம் தாமதம். அவர் கேட்டில் நின்றார், சொன்னார், உள்ளே போனார். நான் மற்றத் தெருக்களுக்குப் போய்விட்டு ஏழரை மணிக்கு மேல் அந்தப் பக்கமாகத் திரும்பி வந்தேன். அவர் வீட்டுக் கேட்டின் அடியில் தண்ணீர் வழிந்து ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கொஞ்சமாக அல்ல, நல்ல ஓட்டமாக. கேட்டில் அவர் இல்லை. அவர் நிற்காத அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். அதோடு, இத்தனை வருடத்தில் முதல் முறையாகத் தப்பு அவர் பக்கம், நியாயம் என் பக்கம் என்று ஒரு சந்தோஷமும் வந்தது.

கேட்டருகே போய், “ஐயா, தண்ணி வீணாப் போகுது” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்டிருக்காது. பதில் இல்லை. இரண்டாவது தடவை நான் கூப்பிடவில்லை. கேட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். முற்றமும் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. தொட்டிக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. திரும்பி வந்து சாவியை மாட்டி வால்வை அடைத்தேன். பதினாலு சுற்று.

நடுத்தெருவில் ஒரு பெண் குடத்தோடு ஓடி வந்தாள். “என்னண்ணே, இன்னும் எட்டு ஆகலயே. எனக்கு ரெண்டு குடம் பாக்கி இருக்கு.”

“கடைசி வீட்டுல போய்க் கேளுங்க. ரோட்டுக்கு விட்டுக்கிட்டு இருக்காரு.”

“அவிய வாயில போயி விழுவாகளா? எனக்குத் தண்ணியே வேணாம்ணே” என்று அவள் சிரித்துக்கொண்டு திரும்பிப் போனாள். அவளோடு நானும் சிரித்தேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மகள் போன் செய்து, எடுக்கவில்லை என்றதும் தெருவில் ஒருவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வாசல் கேட் உள்ளே தாழ் போட்டிருந்தது. ஏறிக் குதித்துப் பார்த்தபோது தொட்டிக்குப் பின்னால், பாசி பிடித்த தரையில், இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார். உயிர் இருந்தது. ரப்பர் டியூபின் ஒரு முனை குழாயில் இருந்தது. மறு முனை தொட்டியில் இல்லை, கேட்டைப் பார்த்துக் கிடந்தது. இதெல்லாம் மறுநாள் எனக்கு டீக்கடையில் தெரிந்தது. டியூபைப் பற்றி அவர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். நான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

ஆபரேஷன் முடிந்து மகள் அவரை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போன பிறகு, பத்து நாள் யோசித்துவிட்டுப் பஸ் ஏறினேன். கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பாதி ஆளாகிவிட்டார். அவர் பிடிவாதத்துக்காக அந்தக் காலண்டரையும் கொண்டுவந்து தலைமாட்டில் மாட்டியிருந்தார்கள். மகள் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, “எட்டு மணிக்குத் தண்ணி நின்ன பொறவு டியூப்ப சுத்தும்போது வழுக்கிட்டாராம்ணே. கொஞ்சம் முன்னாடி விழுந்திருந்தா நீங்களாவது பாத்திருப்பீக” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போட உள்ளே போனார்.

அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

“விழுந்தது ஏழு பத்து. டியூப்ப கேட்டுப் பக்கம் இழுத்துப் போட அரை மணிக்கூறு ஆச்சு. தண்ணி வீணாப் போனா உனக்குப் பொறுக்காதுன்னு தெரியும்ல.”

நான் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன்.

“நீ கூப்பிட்டது கேட்டுச்சு. எனக்குத்தான் மூச்சு மட்டும் வந்துச்சு. தண்ணி நின்னது ஏழு நாப்பத்தஞ்சு. கால் மணி நேரம் முன்னாடி அடைச்சிருக்கலே.”

“ஐயா...”

“அவகிட்ட எட்டுன்னு சொல்லிருக்கேன். நீயும் அதயே சொல்லு. அந்தக் காலண்டர எடு.”

எடுத்துக் கொடுத்துப் பேனாவையும் கொடுத்தேன். அந்த நாளின் கட்டத்தில் 6.03 மட்டும் இருந்தது. அதன் கீழே, என் கையில் காலண்டரைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லி, 8.00 என்று எழுதினார். எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. “முப்பத்தி நாலு வருசம் ஒருத்தனுக்கும் ஒரு நிமிசம் விட்டுக்கொடுத்ததில்ல. போகுது” என்றார். மகள் காப்பி கொண்டுவந்தார். குடித்தேன்.

அடுத்த மாதமே அவர் போய்விட்டார். நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடந்ததில் சிறுநீரகம் கெட்டுவிட்டது, சீக்கிரம் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக மகள் துக்க வீட்டில் சொன்னார். பதினாறாம் நாள், “இதுல பூரா உங்க நேரம்தாண்ணே இருக்கு, நீங்களே வச்சுக்கிடுங்க” என்று காலண்டரை என்னிடம் கொடுத்தார். நான் அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன்.

வால்வை அடைக்கும்போது முதல் சில சுற்றுக்கு ஒன்றும் தெரியாது. ஏழு, எட்டுக்கு மேல் தண்ணீர் மெலியும். பத்தில் நூலாகும். பதினாலில் குழாய்க்குள் ஒரு இழுப்புச் சத்தம் கேட்டு நிற்கும். அன்றைக்கு அவர் டியூபின் வாயைப் பார்த்துக்கொண்டே கிடந்திருப்பார். மெலிந்தது, நூலானது, நின்றது எல்லாவற்றையும் பார்த்திருப்பார். பிறகு கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். எந்தத் தெருவில் அடைத்தாலும் பத்தாவது சுற்றில் என் கை தானாக நின்றுவிடுகிறது. யாராவது கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மிச்சத்தைச் சுற்றுகிறேன்.

என் தெருக்களில் தனியாக இருக்கிற வயதானவர்களின் வீடு ஒன்பது. திறக்கும்போதும் அடைக்கும்போதும் அந்த வாசல்களில் நின்று சத்தமாகக் கூப்பிடுகிறேன். பதில் வரும் வரைக்கும் நகர்வதில்லை. உள்தாழ் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். குழாயடியில் பாசி பிடித்திருந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். செட்டியார்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து குடியிருக்கும் ஒரு ஆச்சி, “என்னய்யா, நான் இருக்கனா போயிட்டனான்னு பாக்க வந்தியா?” என்று கேட்பார். “ஆமா ஆச்சி” என்பேன். “இருக்கேன். போயி அடுத்த வீட்டப் பாரு” என்பார். தெருவே சிரிக்கும். இப்போது காது சூடாவதில்லை. ஆனால் கடைசி வீட்டு வாசலிலும் நின்று கூப்பிட்டுவிடுகிறேன். அது பூட்டிக் கிடக்கிறது. அங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்றுதான் தெரிவதில்லை.

அவர் எனக்காக எழுதிய எட்டு மணியை நான் கோடு போட்டு அடிக்கவில்லை. அதன் கீழே இருந்த கொஞ்சம் இடத்தில் என் கோணல் எழுத்தில் 7.45 என்று எழுதிவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் இந்தத் தாளைக் காலண்டரோடு சேர்த்துச் சுருட்டி அவர் மகள் கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும் வரைக்கும் எதிரே நிற்கப் போகிறேன். இன்று தண்ணீர் நாள் இல்லை. ஆறு பத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். காலண்டரைக் கழற்றிவிட்டேன்.

ஐப்பசி பன்னிரண்டு, காலை ஐந்து ஐம்பத்தெட்டு.