புல் சாயாத ஆட்டம்

தொண்ணூறுகளில் மலாக்கா பட்டணத்து ஸ்டேடியத்தில் புல் பராமரித்த ஒரு தமிழரைச் சந்தித்தேன். தலையில் முண்டாசு, கையில் தண்ணீர்க் குழாய். புல்லில் கால் வைக்குமுன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். கோயிலுக்குள்கூட அத்தனை பவ்யமாக யாரும் நுழைந்து நான் பார்த்ததில்லை.

பக்கத்திலுள்ள செங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை பார்த்த நாங்கள், ஓர் எஸ்டேட் அணியோடு அங்கே பந்தாட அனுமதி வாங்கியிருந்தோம். கடிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“பாடாங்ல போலாவா? திடல்ல பந்து ஒதச்சா புல்லு என்னத்துக்கு ஆகும்?”

“அண்ணே, போன வாரம் கச்சேரிக்கு லோரியே உள்ள வந்துச்சே!”

“லோரி ஒரு தடவ வந்துட்டுப் போயிடும்லா. நீங்க தொண்ணூறு நிமிஷம் ஓடுவீங்களே தம்பி!”

அமைச்சர் பேச்சு, பள்ளி அணிவகுப்பு, கச்சேரி எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டார். அந்த ஸ்டேடியத்தில் அவருக்கு ஆகாதது பந்தாட்டம் ஒன்றுதான். கடிதத்தில் முத்திரை இருந்ததால் எங்களையும் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே விட்டார்.

மூன்று கோல் வாங்கித் தோற்றோம். கோல் போட வேண்டிய ஆள் நான். ஆட்டம் முடிந்ததும் என் அணியில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மட்டும் செருப்பை இடுக்கிக்கொண்டு திடலைக் கடந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இருபத்திரண்டு பேர்ல நீங்கதான் தம்பி ஆட்டக்காரர். நின்ன எடத்துலேயே நின்னீங்க. உங்களால ஒரு புல்லுகூடச் சாயல.”

என் ஆட்டத்தை ஒருவர் மனமாரப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.