மோட்டார் அறைப் புதுப் பூட்டு

என் தங்கை முத்துக்கனி பதினோரு வயதில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனவள். அங்கே வலது கை வெந்தும் பிழைத்தாள். பட்டாசு வேலைக்குப் போய் இரண்டு மகள்களையும் படிக்க வைத்தாள். நாற்பது வயதில் அவர்களிடமே எழுதக் கற்றாள். கம்பெனியில் மட்டும் பழக்கத்தில் கைநாட்டே வைத்தாள்.

2007 மே மாதம், மல்லாங்கிணறு பக்கம் நாங்கள் வளர்ந்த தோட்டத்துக்குப் பிள்ளைகளோடு போனோம். சித்தப்பா மகன் செந்தூர்பாண்டிதான் அதைப் பார்த்துக்கொள்கிறான். கிணறு வறண்டிருந்தது. ஆனால் மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டு. வாசலில் ஒரு வாளித் தண்ணீர். அதன்மேல் சாம்பல் நிறப் பளபளப்பு. பட்டாசு மருந்து கலக்குகிறவர்கள் கைகால் கழுவ அப்படித்தான் வைப்பார்கள். அந்தச் சுவர் நிழலில்தான் பிள்ளைகள் விளையாடினார்கள்.

"ஏலே, உள்ள என்ன?" என்று முத்துக்கனி அவனைக் கேட்டாள்.

"உர மூட்டைக்கா."

"உரத்துக்கு எதுக்குலே இந்தத் தண்ணி? எங்கிட்டயேவா?"

அவன் சிரித்தான். "சீசன் ஆர்டர்க்கா. பத்து நாள்ல லோடு போயிரும். தம்பியவா காட்டிக் குடுப்பீக?"

முத்துக்கனி வெயில் ஏறிச் சுட்ட சுவரைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். பிள்ளைகளை ரோட்டுக்கு விரட்டினாள். சொந்தத்துக்குள் பேசித் தீர்க்கலாம் என்றேன்.

"பேசி முடிக்கிற வரைக்கும் அது காத்திருக்குமாண்ணே?"

அன்று மதியமே அவள் சொல்லச் சொல்ல தாசில்தாருக்கு மனு எழுதினேன். கைநாட்டுக்கு மை தேடினேன்.

"கைநாட்டுன்னா யாரோ மிரட்டி வாங்குனதுன்னு சொல்லுவான் செந்தூர்பாண்டி" என்று பேனாவைப் பிடுங்கினாள். வெந்த விரல்களால் அதைப் பிடித்து, தன் பெயரை முழுதாக எழுதினாள்.

அதன் கீழே தேதியையும் அவளே போட்டாள்: 17.5.2007.