அம்மனிடம் பூக்கேட்ட நீதிபோதனை வாத்தியார்

எழுபதுகளின் கடைசியில், புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். வாரத்துக்கு ஒரு பீரியட் நீதிபோதனை. யாரும் தொட விரும்பாத அந்த வகுப்பை நானே வலியக் கேட்டு வாங்கினேன். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் ஒரு மதத்துக் கதையை மட்டும் சொல்லலாமா என்று தலைமையாசிரியரிடமே எகிறியவன் நான். ஒரு வாரம் கீதை, ஒரு வாரம் பைபிள், ஒரு வாரம் குர்ஆன் என்று முறை வைத்து நடத்தினேன். மூன்றிலும் எனக்குத் தெரிந்தது நாலு நாலு கதை. அதற்கே அப்படியொரு மிதப்பு.

எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிம் பெண். அவள் அத்தா ரோட்டோரத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். குர்ஆன் வாரம் வந்தால் போதும், "நீ சொல்லு சாமி" என்று செல்லமாக அவளை எழுப்பி நிறுத்துவேன். பாவம், நெளிவாள். ஆனால் வேறு எதைப் பற்றியாவது பேசச் சொன்னால், அடேயப்பா, வகுப்பே வாயைப் பிளக்கும்.

அந்த வருஷம் நாமக்கல்லில் 'எல்லா மதமும் சமம்' என்று ஒரு பேச்சுப்போட்டி வந்தது. பள்ளிக்கு ஒருவர்தான். அவள் அத்தா என்னைத் தேடி வந்தார்.

"எட்டாவதோட நிறுத்தி மிஷின்ல உக்கார வெக்கலாம்னு இருந்தனுங்க சார். இது நாமக்கல்லு மேடையில பேசிருச்சுன்னா ஒம்பதாவது சேத்தறனுங்க."

"ஏனுங்க, இதெல்லாம் ஒரு பேச்சுங்களா? நானாச்சு!" என்று மார்தட்டினேன்.

அன்று சாயங்காலமே பள்ளிக்கு நிலம் கொடுத்த பண்ணையக்காரர் கூப்பிட்டு விட்டார். அவர் பேத்தியும் அதே வகுப்பு. எழுதிக் கொடுத்தால் ஒப்பிப்பாள். "பாத்துச் செய்யுங்க வாத்தியாரே" என்றார், அவ்வளவுதான். நான் குடியிருந்ததும் அவர் வீட்டில்தான். தட்டிய மார்பு அங்கேயே அடங்கிவிட்டது.

பெண் எடுக்க, கிணறு வெட்ட, எதற்கும் எங்கள் பக்கம் அம்மனிடம் பூக்கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சின்னப்பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் மதச்சார்பின்மை போதித்த மகராசன் மறுநாள் காலை மாரியம்மன் கோயிலில் நின்றேன். வெள்ளை வந்தால் தார்ப்பாய்க்காரர் மகள், சிவப்பு வந்தால் பேத்தி. எடுக்கப் பிள்ளை? அந்நேரம் பள்ளிக்கு நடந்து வந்துகொண்டிருந்தவள் தார்ப்பாய்க்காரர் மகள்தான். கூறுகெட்டவன், அவளையே கூப்பிட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. அவளும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எடுத்தாள். வெள்ளை.

"இன்னொருக்கா எடு சாமி."

மறுபடியும் வெள்ளை. பூசாரி என்னை முறைத்தார். "வாத்தியாரே, ஆத்தா ரெண்டு தடவ சொல்லிப்போட்டாளுங்க."

"மூணு கேட்டாத்தானுங்க முறை" என்று நானே ஒரு முறையை உண்டாக்கினேன். மூன்றாவது சிவப்பு. எனக்குப் போன உயிர் வந்தது.

அதோடு வாயை மூடியிருக்கலாம். வகுப்பில் நின்று, "நானா முடிவு பண்ணலை. அம்மன்கிட்டப் பூக்கேட்டேன். வெள்ளைன்னா இவ, சிவப்புன்னா அவ. சிவப்புதான் வந்துச்சு" என்று நடுநிலைமையைப் பறைசாற்றினேன். பூவெடுத்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பேத்தி நாமக்கல் போய், பாதியில் மறந்து, அழுதுகொண்டே மேடையிறங்கினாள்.

ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் தார்ப்பாய்க்காரர் மகள் இல்லை. மனசு கேட்காமல் கடைக்குப் போனேன். மிஷினில் உட்கார்ந்து தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார்," என்று அத்தா எழுந்தார். "அம்மனே வேண்டாம்னுட்டாளாமுங்க. ஊருக்கே பெரிய சாமி. அதுக்கு மேல நாம என்னத்தச் சொல்றதுங்க?" எனக்கு டீ வாங்கப் போனார்.

மிஷினை நிறுத்தாமலே அவள் சொன்னாள்: "மொதல்ல ரெண்டு தடவ வெள்ளை வந்ததை அத்தாகிட்டச் சொல்லலைங்க சார்."

"ஏன் சாமி?"

"உங்க மேல ரொம்ப மதிப்பு வெச்சிருக்காருங்க."

அவர் திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். வந்தார். டம்ளரைத் துடைத்துக் கையில் கொடுத்தார்.

"சக்கரை போதுமுங்களா சார்?"

"போதுமுங்க" என்றேன்.